ஆடும் பாம்பும் ஆடும் கூட்டமும்: ஒரு கலகப் பாட்டின் மூன்று ஆக்கங்கள்

முன்னுரை

கூடிக் களிப்பதற்கென்று எழும் பாட்டு கலகப் பாட்டாகவும் அமைவது எதனால் என்னும் வினா இசையாய்வுக்கு மட்டும் உரியதன்று; மொழியாய்வுக்கும் உரியது. திருவனந்தபுரத்தில் 2003ஆம் ஆண்டு தோன்றிய ‘அவியல்’ என்னும் இசைக்குழு, 2008இல் தன் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தொகுப்பில் ‘ஆடு பாம்பே’ என்றொரு பாடல் உள்ளது. ராக் இசையில் அமைந்த இப்பாடலின் சொற்கள், ஸ்ரீ நாராயண குரு (1856–1928) இயற்றிய ‘குண்டலினிப் பாட்டு’க்கு உரியவை. குருவின் பாட்டுக்கு முன்மாதிரியாக நிற்பவை பாம்பாட்டிச் சித்தர் பெயரில் வழங்கும் தமிழ்ப் பாடல்கள். ஆகவே, ஒரே பல்லவி மூன்று முறை ஆக்கம் பெற்றுள்ளது. ஒவ்வோர் ஆக்கத்திலும் கலகம் எங்கே உறைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சித்தர்: சொல்லில் கலகம்

பாம்பாட்டி ஒரு தெருக்கலைஞன். மகுடி ஊதிக் கூட்டம் சேர்ப்பதும், பாம்பை விளித்து ஆடச் சொல்வதும் அவன் தொழில். சித்தர் கையாண்டது அத்தொழிலின் பேச்சையே. ஏவல் வினை ஒன்று, விளி ஒன்று என இரு சொற்களால் ஆன முடிப்பு பாடல்தோறும் இறுதியில் திரும்ப வருகிறது. வெளியே கேட்பவனுக்கு அது வேடிக்கை. உள்ளே கேட்பவனுக்குப் பாம்பு என்பது உடலுள் சுருண்டு கிடக்கும் குண்டலினி ஆற்றல். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. உட்பொருள் தெருவுக்கு வந்து சேர வேடிக்கையே வாகனமாகிறது.

இப்பாடல்கள் வேதங்களும் சாத்திரங்களும் பயனற்றவை எனத் துணிந்து கூறுகின்றன. சாதிப் பிரிவினைக்குத் தீ வைப்பதைப் பற்றியும், தெருவில் விளையாடுவதைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுகின்றன. அவ்விடத்தில் வரும் வினைகள் தன்மைப் பன்மை வினைகள் என்பது கருதத்தக்கது. பாம்பை நோக்கி முன்னிலை ஒருமையில் ஏவும் குரல், கலகத்தைச் சொல்லும்போது ‘நாம்’ என்னும் நிலைக்கு மாறுகிறது. களிப்பும் எதிர்ப்பும் ஒரே வாக்கிய அமைப்பில் இணைந்து நிற்பது இதன் தனிச்சிறப்பு எனலாம்.

குரு: செயலில் கலகம்

நாராயண குரு பிறந்த செம்பழந்தி, இன்று திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள் உள்ளது. குரு தமிழ் கற்றவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தவர். அவருக்கு யோகநெறி காட்டியவராகக் கருதப்படும் தைக்காடு அய்யா தமிழர். ஆதலின் சித்தரின் பல்லவி குருவைச் சென்றடைந்தது வியப்புக்குரியதன்று.

எனினும், வந்த பல்லவி மாறியே வந்தது. குருவின் பாட்டில் பாம்பு சிவனடி சேர்ந்து ஆடுகிறது. அருளும் ஆனந்தமும் அதன் சொற்களாகின்றன. சாத்திரத்தை இகழும் குரலோ, சாதிக்கு எதிரான ‘நாம்’ என்னும் அழைப்போ அதில் இல்லை. இதனைக் கொண்டு குரு கலகத்தைக் கைவிட்டார் என முடிவு செய்தல் பிழையாகும். ஈழவக் குடியில் பிறந்த அவர் 1888இல் அருவிப்புரத்தில் தம் கையால் சிவப் பிரதிஷ்டை செய்தார். அந்தணர்க்கே உரியது என்று இருந்த செயலை அவர் வாதமின்றிச் செய்து முடித்தார். பாட்டில் அடங்கிய கலகம் செயலில் எழுந்தது. சொல் அமைதி கொள்வதற்குச் செயலின் வலிமை இடம் தந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

இசைக்குழு: ஒலியில் கலகம்

மூன்றாம் ஆக்கம் மின்கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் உரியது. கேரளத்தில் அதற்கு முன் புகழ்பெற்றிருந்த கொச்சியின் ‘13 ஏடி’ போன்ற ராக் குழுக்கள் ஆங்கிலத்தில் பாடின. ராக் இசைக்கு மலையாளம் இசையாது என்ற எண்ணத்தை ‘அவியல்’ தன் தொகுப்பு முழுவதையும் மலையாளத்திலேயே அமைத்து மறுத்தது. இதுவும் ஒரு கலகமே. ஆயினும் இது மொழி வழக்கத்துக்கு எதிரானதேயன்றி, மனிதருள் உயர்வு தாழ்வு கற்பித்தலுக்கு எதிரானதன்று.

மேடைமுன் நிற்கும் இளைஞர் கூட்டத்தை இப்பல்லவி சென்றடையும்போது இலக்கணத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. விளிக்கப்படுவது பாம்பு, ஆடுவதோ கூட்டம். முன்னிலை ஒருமை ஏவலைக் கேட்கும் ஒவ்வொருவரும் தம்மையே பாம்பாகக் கொள்கின்றனர். சித்தர் பாம்பு என்றது கேட்பவனின் உள்ளிருக்கும் ஒன்றையே ஆதலின், இம்மாற்றம் அவர் கருத்துக்கு மாறானதன்று. தெருவிலிருந்து எடுத்த பாட்டு மீண்டும் கூட்டத்திடம் வந்து சேர்ந்தது என்றும் கூறலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்பாட்டியின் தொழில் சட்டப்படி இடமின்றிப் போயிற்று. பாம்பும் மகுடியும் நீங்கிய பின்னும் அந்த ஏவல் எஞ்சி நிற்கிறது.

இழப்பும் ஆக்கமும்

ஆக்கியோர் கருத்தும் கூட்டத்தின் களிப்பும் வேறுபடுதல் எங்கும் காணப்படுவது. நியூயார்க் நகரின் ‘பீஸ்டி பாய்ஸ்’ குழு 1986இல் வெளியிட்ட ‘ஃபைட் ஃபார் யுவர் ரைட்’ என்னும் பாடல், குடித்துக் கூத்தடிக்கும் இளைஞரை எள்ளி நகையாட எழுந்தது. எள்ளப்பட்டோரே அதைத் தம் கீதமாக ஏற்றுக்கொண்டனர். அங்கே ஒலியின் வேகம் சொல்லின் எள்ளலை விழுங்கிற்று. ‘ஆடு பாம்பே’ பாடலுக்கும் இவ்வாபத்து உண்டு. பொருளை அறியாமலே ஆட இயலும் என்பது அதன் வெற்றி. பொருளை அறிய வேண்டிய தேவையே எழாமல் போவது அதன் குறை.

இரண்டு பாட்டுகளுக்கும் உள்ள வேறுபாடு இங்குக் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கப் பாடலின் எள்ளல் தவறவிடப்பட்டால் எஞ்சுவது கூச்சல் மட்டுமே. இங்கே பொருள் தவறவிடப்பட்டாலும் ஏவலும் விளியும் சிதையாமல் நிற்கின்றன. தேடிச் செல்பவர் குருவையும், அவருக்கு அப்பால் சித்தரையும் சென்றடைய வழி திறந்தே இருக்கிறது.

முடிவுரை

ஒரே பல்லவியின் வரலாற்றில் கலகம் சொல்லிலிருந்து செயலுக்கும், செயலிலிருந்து ஒலிக்கும் இடம்பெயர்ந்துள்ளமை மேற்கண்டவற்றால் அறியலாகிறது. ஒலியில் மட்டும் உறையும் கலகம் நீடிப்பது அரிது. செவி பழகியதும் அது வழக்கமாகிவிடும். 2008இல் புதுமையாக ஒலித்த மலையாள ராக் இசை இன்று யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. சாதிப் பிரிவினைக்குத் தீயிடச் சொல்லும் சித்தரின் ‘நாம்’ அவ்வாறு பழகிப்போகவில்லை. மேடை ஏறிய இரண்டு சொற்களைக் கூட்டம் பாடுகிறது. அவற்றோடு ஒருகாலத்தில் இணைந்திருந்த அந்தத் தன்மைப் பன்மை இன்னும் மேடை ஏறவில்லை.