ஒட்டாத முத்திரை யாருடைய காசு?

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் உப்பு கசியும், பப்படம் நமுத்துப்போகும், தபால் முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்லடி வீட்டு அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் 15 ரூபாய் முத்திரைகள் கட்டியாக இறுகிக் கிடந்தன. தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய பத்திரிகைத் தாளில் கவிழ்த்து உலர்த்தி எண்ணினேன். நாற்பது.

வாங்கிய நேரம் அவை நாற்பது கடிதங்கள். 2022 ஆகஸ்ட் 15 முதல் சாதாரண கடிதத்தின் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகிவிட்டது. அதே 600 ரூபாய்க்கு இன்று பன்னிரண்டு கடிதம்தான் போகும். மற்ற இருபத்தெட்டும் விலைவாசியில் கரைந்துவிட்டன.

முத்திரை என்பது வேலைக்கு முன்பே கொடுத்துவிட்ட கூலி. ஒட்டாமல் கிடக்கும் ஒவ்வொன்றும் தபால் திணைக்களத்துக்கு நாம் வட்டியில்லாமல் கொடுத்த கடன். வெள்ளத்தில் ஊறிப் பழுதானவை, விண்ணப்பத்தோடு அனுப்பித் திரும்பி வராத சுயமுகவரி உறைகளில் இருந்தவை, சேகரிப்பாளரின் அல்பத்தில் உறங்குபவை என்று பலவற்றுக்கு அந்தக் கடனைத் தீர்க்கும் தேவையே வராது. விபுலாநந்த அடிகளின் உருவம் பதித்த முத்திரையைக் கடிதத்தில் ஒட்ட எங்களூரில் யாருக்கு மனம் வரும்? அச்சுக்கூலி போக அது திணைக்களத்துக்கு முழு இலாபம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த இலாபத்தில் ருசிகண்டு அளவில்லாமல் அச்சடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1960களின் வளைகுடாச் சிற்றரசுகளான அஜ்மானும் சார்ஜாவும் சாட்சி. சேகரிப்பாளருக்கென்றே அவை குவித்த வண்ண முத்திரைகளை இன்று சீண்டுவாரில்லை.

பெரிய குறை கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. அமெரிக்கத் தபால் சேவை, விற்றும் பயன்படாத முத்திரைகளின் பெறுமதியை மதிப்பிட்டுப் பொறுப்பாகக் காட்டுகிறது. நம் அரசுத் திணைக்களங்களின் கணக்கு பெரும்பாலும் காசுக் கணக்கு. முத்திரை விற்ற அன்றே அது வரவு. வேலை பிறகு வருகிறது, செலவும் பிறகுதான் வருகிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் மண்டூருக்கு ஒரு கடிதம் போவதை நினைத்துப் பாருங்கள். கிழக்கே எழுவான்கரையில் குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடக்கப் ‘பாதை’ எனும் மிதவையில் ஏற வேண்டும், இல்லையென்றால் சுற்றிப் போக வேண்டும். கடக்கும் அன்றைய எண்ணெய் விலைதான் செலவு. முத்திரைக்குக் கொடுத்த காசோ எந்த ஆண்டிலோ திறைசேரிக்குப் போய்ச் செலவழிந்துவிட்டது. படுவான்கரைக்கும் கொழும்புக்கும் ஒரே கட்டணம் என்ற நியாயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால்தான் அந்த நியாயத்தைத் தாங்கும் கணக்கு நேராக இருக்க வேண்டும் என்கிறேன்.

விலை அச்சிடாத, எப்போது ஒட்டினாலும் ஒரு கடிதத்துக்குச் செல்லும் முத்திரையை அமெரிக்கா 2007இல் 41 சதத்துக்கு விற்கத் தொடங்கியது. வாங்கியவருக்கு நட்டமில்லை. இங்கும் அது வேண்டும் என்று முன்பு நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கிய நாடு இது. கட்டணம் உயரும் என்ற வதந்தி கிளம்பினாலே வசதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி அடுக்கியிருப்பார்கள். அந்த மாதம் வருமானம் பொங்கும், அடுத்த சில வருடங்கள் 15 ரூபாய்க் காசுக்கு 50 ரூபாய் வேலை. ஏற்கெனவே திறைசேரியின் கையை எதிர்பார்க்கும் திணைக்களம் அதைத் தாங்காது. விலை அச்சிட்ட முத்திரை அந்தச் சுமையைச் சனத்தின் தலையில் வைக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆளுக்குக் கொஞ்சமாக வைக்கிறது.

எனவே விலை அச்சிட்ட முத்திரையே இருக்கட்டும். வெளியே கிடக்கும் முத்திரை எவ்வளவு என்று ஆண்டுதோறும் மதிப்பிட்டுச் சொல்லட்டும். பட்டைக்குறியீடு இல்லாத அன்றாட முத்திரைகளை 2023இல் பிரித்தானியா செல்லாதவையாக்கியபோது, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்க வழி வைத்திருந்தது. ஈரத்தில் ஒட்டிப் பசை போனவற்றுக்கும் அப்படியொரு எளிய வழி எங்கள் உப தபாலகங்களில் வேண்டும். பசை போன புது முத்திரையும், மை கழுவிய பழைய முத்திரையும் பார்வைக்கு ஒன்றுதான். சந்தேகப்படும் தபாலதிபரைக் குறை சொல்ல முடியாது.

மூன்று 15 ரூபாய் முத்திரைகளோடு ஒரு 5 ரூபாய் முத்திரை வாங்கிச் சேர்த்து, கோதுமை மாப் பசை தடவி, முதல் கடிதத்தை மண்டூருக்குப் போட்டிருக்கிறேன்.