மோட்டாரைத் தானே படிக்கும் கன்ட்ரோலர்: வாங்கலாமா?

இ-சைக்கிளில் கன்ட்ரோலர் போய்விட்டது. மோட்டார் நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. இப்படித் தவிப்பவர்களுக்காகவே வருகிறது ‘செல்ஃப் லேர்னிங்’ கன்ட்ரோலர். பிராண்டு பெயர் இல்லாத 36 வோல்ட், 350 வாட் மாடல் ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் மோட்டாரின் வகை தெரிய வேண்டும். தடித்த ஒயர் இரண்டே இருந்தால் அது பிரஷ் மோட்டார்; இந்தக் கன்ட்ரோலர் அதற்கு ஆகாது. மஞ்சள், பச்சை, நீலம் என மூன்று தடித்த ஒயர்களும், கூடவே ஐந்து மெல்லிய ஒயர்களும் வந்தால், ஹால் சென்சார் வைத்த பி.எல்.டி.சி. மோட்டார். என்னுடையது இந்த ரகம்தான். ஹால் சென்சாரின் சிவப்பு, கருப்பு ஒயர்களுக்கு 5 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். மற்ற மூன்று ஒயர்களிலும் மல்டிமீட்டர் 0, 5 என்று மாறி மாறிக் காட்டியது. ஏதாவது ஒன்று மாறாமல் நின்றால் அந்த சென்சார் போய்விட்டது. கியர் வைத்த ஹப் மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். முன்பக்கம் சுற்றினால் மோட்டார் அசையாது.

கம்பெனிக்குக் கம்பெனி நிற வரிசை மாறும். தடித்த ஒயர்களில் 6 வகை, ஹால் ஒயர்களில் 6 வகை. ஆக 36 விதமாக மாட்டலாம். தப்பாக மாட்டினால் மோட்டார் உதறும், சூடாகும். இங்கேதான் இந்தக் கன்ட்ரோலர் காசுக்கு வேலை செய்கிறது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு வெள்ளை ஒயர்களை இணைத்து ஸ்விட்சைப் போட்டால், சரியான வரிசையை அதுவே பிடித்துக்கொள்கிறது. சக்கரம் பின்னால் சுற்றினால் அந்த வெள்ளை ஒயர்களைக் கழற்றி மறுபடி இணைத்தால் போதும். ஹால் கனெக்டரைப் பிடுங்கிவிட்டும் ஓட்டினேன். ஓடுகிறது, ஆனால் கிளம்பும்போது குலுக்கல், ஒரு மிதி மிதித்துத்தான் கிளம்ப வேண்டும்.

குறைகள்? ஸ்கொயர் வேவ் ரகம் என்பதால் உறுமல் அதிகம். கனெக்டர்கள் பொருந்தவில்லை, வெட்டி சால்டர் செய்ய வேண்டியிருந்தது.

பேட்டரி விஷயத்தில்தான் கவனம் தேவை. கன்ட்ரோலர் மேலே 350 வாட் என்று போட்டிருந்தாலும் கரண்ட் லிமிட் 15 ஆம்பியர். முழுசாக இழுத்தால் 540 வாட். பேட்டரியின் பி.எம்.எஸ். (பாதுகாப்பு சர்க்யூட்) அந்த 15 ஆம்பியரைத் தாங்காவிட்டால் மேம்பாலம் ஏறும்போது கட் ஆகிவிடும். கன்ட்ரோலருக்கு உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 50 வோல்ட். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி ஃபுல் சார்ஜில் 42 வோல்ட், பிரச்சினை இல்லை. 48 வோல்ட் பேட்டரியோ 54.6 வரை போகும், மாட்டவே கூடாது.

மூன்று தடித்த ஒயர் உள்ள மோட்டாரும், 15 ஆம்பியர் தரும் 36 வோல்ட் பேட்டரியும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். சத்தம் பிடிக்காதவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து சைன் வேவ் ரகத்துக்குப் போகலாம்.