திருத்தணி தந்த தலைப்பாகை

1887 டிசம்பரிலிருந்து 1888 நவம்பருக்குள், பதினோரு மாத இடைவெளியில், தமிழ் மண்ணில் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஈரோட்டில் ராமானுஜன், திருத்தணியில் ராதாகிருஷ்ணன், திருவானைக்காவலில் சி.வி. ராமன். கணிதத்திலும் தத்துவத்திலும் இயற்பியலிலும் அவர்கள் செய்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவர்கள் உடுத்திய விதத்தைப் பற்றி எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ராமானுஜன் 1914-இல் கப்பலேறுமுன் குடுமியை எடுக்கவேண்டி வந்தது. கோட்டும் கழுத்துப்பட்டையும் பூட்ஸும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் எடுத்த படத்தைப் பாருங்கள்: இரவல் சட்டை போட்ட பிள்ளைபோல அந்தக் கோட்டுக்குள் இருக்கிறார். ராமன் வேறு வழி கண்டார். கழுத்துவரை மேல்நாட்டுக் கோட்டும் டையும், தலையில் மட்டும் நம்மூர்த் தலைப்பாகை. 1930-இல் நோபல் பரிசு பெற்ற காலத்துப் படங்களிலும் அந்தத் தலைப்பாகை கம்பீரமாக இருக்கிறது. ராதாகிருஷ்ணனோ தலைமுதல் கால்வரை ஒரே முடிவோடு இருந்தார். வெள்ளைத் தலைப்பாகை, கழுத்து மூடிய நீளக் கோட்டு, வேட்டி, கண்ணாடி. பொதுவாழ்வில் அவருடைய அடையாளம் இதுதான். இதைத் தாண்டி அவர் எதையும் தேடியதாகத் தெரியவில்லை.

அந்தத் தலைப்பாகையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சரிகை இல்லை, விசிறி மடிப்பு இல்லை, பின்னால் தொங்கும் வால் இல்லை. மைசூர்ப் பேட்டா கட்டிய விசுவேசுவரய்யாவின் தலையில் ஒரு சமஸ்தானத்தின் மிடுக்கு தெரியும். இதில் பதவியோ செல்வமோ தெரியாது. மெல்லிய வெள்ளைத் துணி, சாய்வான சுற்றுகள், சீரான அடுக்கு, அவ்வளவுதான். ஒடிசலான, நெடிய உருவம் அவருடையது. தலைப்பாகையின் வெண்மையும் கோட்டின் நேர்கோடும் சேர்ந்து அந்த உயரத்தை இன்னும் எடுத்துக்காட்டின. கோட்டின் தோள்பட்டை தோளிலேயே முடியும், கழுத்துப் பொத்தான் நெரிக்காமல் மூடும். உடம்பை அறிந்த தையல் அது. விலையுயர்ந்த துணி எதுவும் கண்ணில் படாது. அளவும் சுத்தமும்தான் முதலில் தெரியும். நன்றாக உடுத்துவதில் பாதி வேலை இந்த இரண்டிலேயே முடிந்துவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த உடையோடு அவர் போன இடங்கள் சாதாரணமானவை அல்ல. 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அப்டன் சொற்பொழிவுகள். 1936 முதல் 1952 வரை அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்பால்டிங் பேராசிரியர். அங்கே பேராசிரியர் இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். 1949-இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார். 1950-இலும், விடைபெறும் வேளையில் 1952-இலும் ஸ்டாலினைச் சந்தித்தார். 1963-இல் குடியரசுத் தலைவராக வாஷிங்டன் சென்று கென்னடியின் பக்கத்தில் நின்றார். அப்போதும் தலையில் அதே வெள்ளைத் துணி. உலகத்தில் மிகவும் கவனமாக உடுத்தும் மனிதர்களின் நடுவே அவர் ஒருபோதும் குறைவாகத் தெரியவில்லை. காரணம், அவர்கள் விளையாடிய ஆட்டத்தில் அவர் சேரவே இல்லை. மேல்நாட்டுச் சூட்டு அணிந்திருந்தால் சிறப்பாக உடுத்திய பலரில் ஒருவராக இருந்திருப்பார். தன் உடையில் வந்ததால் ஒப்பிட ஆளில்லாமல் நின்றார்.

இந்த உறுதி திடீரென்று வந்ததல்ல. ஏழைக் குடும்பம், தந்தை ஜமீனில் சிறு உத்தியோகம் பார்த்தவர். திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் உதவித்தொகையை நம்பிக் கிறித்தவ மிஷன் கல்விக்கூடங்களில் படித்தார். அங்கே தன் சமயத்தைப் பற்றிக் கேட்ட குறைமொழிகள் அவரை வருத்தின. 1908-இல் முதுகலைப் பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை அதற்கான பதில். எதிராளியின் மொழியில், எதிராளியின் தர்க்கத்தில், தன் பொருளைச் சொல்வது அவர் கைக்கொண்ட முறை. ஆங்கிலத்தை ஆங்கிலேயரே வியக்கும்படி கற்றார்; உடையில் மட்டும் இடம் கொடுக்கவில்லை. எதைக் கற்றுக்கொள்ளலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தெளிவு அந்தத் தலைப்பாகையில் இருக்கிறது.

திருத்தணிக்காரர்களுக்கு இது புரிவதற்குக் கஷ்டமில்லை. தலையை மதிக்கத் தெரிந்த ஊர் அது. மலைமேல் முடியிறக்கிச் சந்தனம் பூசிக்கொண்டு வருபவர் நடையில் ஒரு நிமிர்வு இருக்கும். ஆடிக்கிருத்திகைக்கு மஞ்சள் உடுத்திப் பூக்காவடி தூக்கி 365 படி ஏறுகிறவர், சாதாரண நாளில் தெருவில் கூச்சத்தோடு நடப்பவராகக்கூட இருக்கலாம். அன்று அவரிடம் கூச்சமே இராது. அவர் அணிந்திருப்பது விலை குறைந்த மஞ்சள் துணிதான். தன் உடைக்கு ஒரு பொருள் உண்டு என்று உள்ளுக்குள் அறிந்தவருக்கு வரும் நிமிர்வு அது.

ஆனால் ராதாகிருஷ்ணன் அந்தத் தலைப்பாகையைக் கட்டியதற்கு ஊரில் யாரும் தடை போட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே மண்ணில் மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டியிருந்தவர்கள் உண்டு. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859-இல்தான் அரச ஆணை பெற்றார்கள். அம்பேத்கர் கோட்டும் டையுமாக வாழ்ந்ததை ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. அவருக்குச் சூட்டு செய்த வேலையும் இவருக்குத் தலைப்பாகை செய்த வேலையும் ஒன்றே: எதிரில் இருப்பவர் குனிந்து பேசும் வாய்ப்பை அது எடுத்துவிட்டது. நன்றாக உடுத்துவது மேனிமினுக்கு என்று எண்ணும் பெரியவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம்.

இன்று காலை ரயிலில் திருத்தணியிலிருந்து சென்னைக்கு வேலைக்கும் நேர்காணலுக்கும் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பலர் போட்டிருப்பது யாரோ சொன்ன உடை. தோள் இறங்கியிருக்கிறது, கை நீண்டு விரலை மூடுகிறது, நிமிடத்துக்கொரு முறை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். கவனம் முழுவதும் சட்டையில் இருந்தால் கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்? புதிது வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் இருப்பதைத் தையல்காரரிடம் கொடுத்து அளவாக்கிக்கொள்ளலாம். அம்மையார்குப்பமும் பொதட்டூர்ப்பேட்டையும் நெசவு ஊர்கள். துணியைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கடைக்குப் போகுமுன் அவர்களில் ஒருவரிடம் கேளுங்கள்.

ஆசிரியர்களிடமும் தாய்மாரிடமும் ஒரு வேண்டுகோள். 1962 முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அன்று மாறுவேடப் போட்டிகளில் ராதாகிருஷ்ணனாக வரும் குழந்தையின் தலையில் குளியல் துண்டைச் சுற்றி, ஊக்கு குத்தி அனுப்பிவிடுகிறோம். மேடையேறுமுன்பே அது கண்ணை மறைக்கிறது. குழந்தை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது. இந்த ஆண்டு மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை எடுங்கள். லேசாகக் கஞ்சி போட்டு, நீளவாக்கில் மடித்து, காது தெரியும்படி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குச் சற்று மேலே ஏறும்படி கட்டுங்கள். நுனியைப் பின்பக்கம் செருகுங்கள். கட்டி முடித்ததும் குழந்தையைக் கண்ணாடி முன் நிறுத்தி அதுவே பார்க்கட்டும் என்று விடுங்கள்.