அகலக்கால் வைக்கும் கார்கள்

நம் ஊரில் மசில் கார் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் கான்டெஸா. நீண்ட பானட், அகன்ற முகம், பின்சக்கரம் தள்ளும் அமைப்பு எனத் தோற்றத்தில் குறை சொல்ல முடியாது. எஞ்சின் கதைதான் வேறு. 1964இல் அமெரிக்காவில் வந்த மசில் காரான பாண்டியாக் ஜி.டி.ஓ. 325 குதிரைத்திறன் கொண்டது. 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே விற்ற கான்டெஸாவில் இருந்தது அம்பாசடரின் குடும்பத்தைச் சேர்ந்த 1,489 சி.சி. எஞ்சின், திறன் ஏறத்தாழ 50. பின்னால் வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சின்தான் 90ஐ நெருங்கியது. ஆகவே ‘மசில்’ என்பது உடம்பைப் பார்த்துக் கொடுத்த பட்டம். அதைச் சக்கரத்திலாவது காட்டிவிட வேண்டும் என்று இன்றைய உரிமையாளர்கள் துடிப்பதில் வியப்பில்லை.

திருவள்ளூர்க்காரர்களுக்கு இந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்நியமில்லை. கான்டெஸா தயாரானது வங்காளத்தின் உத்தரபாராவில் என்றாலும், 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் உருண்டு வந்தது திருவள்ளூரை அடுத்த அதிகத்தூர் ஆலையிலிருந்துதான். கான்டெஸாவுக்கு எஞ்சின் தந்த இசுசுவின் வண்டிகளும் ஸ்ரீசிட்டிக்குப் போகும் முன் சில காலம் அங்கேதான் பூட்டப்பட்டன. அந்த லான்சருக்கும் இப்போது வயதாகிவிட்டது. கான்டெஸாவுக்கு நடப்பதெல்லாம் அதற்கும் நடக்கிறது: அகன்ற அலாய், தட்டை டயர், மட்கார்டைத் தாண்டித் துருத்தும் விளிம்பு.

முதலில் நியாயமான பக்கத்தைப் பார்ப்போம். பழைய கார்களின் சக்கரங்கள், இன்றைய கண்ணுக்கு, மட்கார்டு வளைவுக்குள் தொலைந்துபோனது போல் தெரியும். நல்ல அளவில் ஒரு சக்கரம் மாட்டினால் கார் தரையில் அழுந்தி நிற்கிறது. அழகு ஒரு காரணமே இல்லை என்று வாதிடுபவர்கள் பழைய கார் வைத்திருப்பதே அழகுக்காகத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, பழைய அளவு டயர் கிடைப்பது அரிது. அம்பத்தூரில் டன்லப், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். என்று டயருக்குப் பேர்போன வட்டாரம் இது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் மிஷலின் ஆலை இருக்கிறது, ஆனால் அது லாரி, பஸ் டயருக்காகத் தொடங்கப்பட்டது. கார்க்காரர் கடை கடையாக ஏறி இறங்கினால் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த சரக்குத்தான் கைக்கு வரும். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். இப்படிப்பட்ட டயரைவிட, புதிதாகக் கிடைக்கும் சற்றே அகன்ற ரேடியல் எவ்வளவோ மேல்.

இங்கேதான் ஒரு குழப்பம் நுழைகிறது. பழைய நைலான் டயரைக் கழற்றிவிட்டு அகன்ற ரேடியல் போட்டவர், “வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்குது சார்” என்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் கவ்விப் பிடிப்பதில் பெரும்பங்கு புது ரப்பருக்கும் ரேடியல் கட்டமைப்புக்கும் உரியது. பாராட்டை மொத்தமாக அகலம் வாங்கிக்கொள்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். 1,200 கிலோ கார் என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. ஆக, தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 143 சதுர சென்டிமீட்டர், விரல்களோடு சேர்த்து ஒரு கையளவு. அகன்ற டயர் போட்டு அதே காற்றடித்தால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது, வடிவம்தான் மாறும். நீளவாக்கில் இருந்தது குறுக்குவாக்கில் விரியும். வளைவில் திரும்பும்போது அது உதவுகிறது, உண்மை. 50 குதிரைத்திறன் எஞ்சினுக்கு நேர்கோட்டில் அதனால் எந்த லாபமும் இல்லை. எடை கூடிய சக்கரத்தை உருட்டும் வேலைதான் கூடுகிறது.

மழையில் நிலைமை தலைகீழ். அகன்ற டயரின் முன்னால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அகலம். ஒதுக்க முடியாத வேகத்தில் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவது போலாகும். செங்குன்றத்திலிருந்து கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் சாலையில் கனரக லாரிகள் அழுத்திய தடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படித் தேங்கும் என்று அந்தப் பக்கம் ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சாலைக்கு அகன்ற டயரைப் பரிந்துரைப்பவர் கோடையில் மட்டும் கார் எடுப்பவராக இருக்க வேண்டும்.

அகலத்தைவிட அதிகக் கேடு செய்வது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம். கடையில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. “ஏறுதா, ஏறலையா” என்பதோடு சரி. 5 அங்குல அகலமும் 40 மி.மீ. ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றி, 7 அங்குல அகலம், 25 மி.மீ. ஆஃப்செட் உள்ளதை மாட்டுகிறோம் என்று வையுங்கள். அகலம் இரு பக்கமும் 25 மி.மீ. கூட்டும். ஆஃப்செட் வித்தியாசம் 15 மி.மீ. வெளியே தள்ளும். விளைவு, வெளி விளிம்பு 40 மி.மீ. வெளியே வந்துவிடும். காரின் எடை இப்போது ஹப் பேரிங்கைத் தள்ளி நின்று நெம்புகிறது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்தும் டயரின் மையம் விலகிப்போவதால் ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுபவர் கையைப் பிடுங்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய காரில், நிறுத்துமிடத்தில் ஒடித்துத் திருப்புவது தோள்பட்டைப் பயிற்சி. பிறகு பின்னால் நாலு பேர் உட்கார்ந்ததும் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவும். அதைத் தடுக்க விளிம்பை அடித்து மடக்குவார்கள். மடங்கிய இடத்தில் பெயின்ட் வெடிக்கும், எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

போல்ட் துளைகள் பொருந்தாத அலாயைப் புதுப்பேட்டையில் மலிவாக வாங்கி, துளையை இழுத்துச் சரிசெய்வதும், பெயர் தெரியாத ஸ்பேசர் வைத்து முடுக்குவதும் வேறு ரகம். அதில் நிறை, குறை என்று சீர்தூக்க ஒன்றுமில்லை. அது ஆபத்து.

ஒட்டுமொத்த விட்டத்தைக் காப்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். 175/70 ஆர்13 டயரின் விட்டம் ஏறத்தாழ 575 மி.மீ. 185/60 ஆர்14, 195/50 ஆர்15 இரண்டுமே அதை ஒட்டித்தான் வரும். கடைக்காரர் “இருக்கிறதே இதுதான்” என்று 205/60 ஆர்15ஐ நீட்டினால் விட்டம் 627. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 87இல் போகும். கியர் விகிதமும் நீண்டு, ஏற்கெனவே மூச்சு வாங்கும் எஞ்சின் மேம்பாலம் ஏற மூன்றாவது கியர் கேட்கும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே இருக்கும், அதை யாரும் நினைப்பதில்லை.

பந்தயக் கார்களைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. இதே மாவட்டத்துச் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும்வரை பல பத்தாண்டுகள் கார்கள் சீறின. ஆனால் பந்தயக்காரர் சில சுற்றுகளுக்காக டயர் போடுகிறார். மழை வந்தால் மாற்றுகிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பேரிங்கைப் பார்க்க ஆள் வைத்திருக்கிறார். அவருடைய டயரை மட்டும் கடன் வாங்குவது அரைக் கடன்.

சட்டமும் ஒன்று சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வரையறுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. ஒரு சுற்று அகன்ற டயரையும் மட்கார்டுக்கு வெளியே நிற்கும் சக்கரத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் கையில் டேப்போடு வந்து நிற்கும்போது என் கருத்துக்கு மதிப்பில்லை.

என் தீர்ப்பு இது: ஒரு படி அகலம், அதே விட்டம், ஆலை ஆஃப்செட்டை ஒட்டிய ரிம், நல்ல ரேடியல். இவ்வளவும் பழைய காருக்கு நன்மைதான். அதற்கு மேல் போவது புகைப்படத்துக்கு. அந்தச் செலவில் பிரேக்கையும் புஷ்களையும் புதுப்பித்தால் கார் உண்மையிலேயே வேறாக ஓடும்.

எதை மாட்டினாலும், கழற்றிய பழைய ரிம்களைக் காயலான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் பேணப்பட்ட காருக்குத்தான் விண்டேஜ் பதிவு. முதல் கான்டெஸாக்கள் அந்த வயதை எட்டுவது 2034இல்.