ஓட்டை போட்ட புத்தகம்

அமெரிக்கப் பொது நூலகங்களில் பள்ளிக்குப் போகாத வாண்டுகளுக்குக் கதை நேரம் உண்டு. ஏ, பி, சி, டி ஒப்பிக்க வைப்பார்கள் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' (1969) மாதிரி ஏதாவது வாசிக்கிறார்கள். திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று புழு தின்றுகொண்டே போகிறது. தின்ற இடத்தில் நிஜ ஓட்டை. அதில் குழந்தை விரலை விட்டுப் பார்க்க, எண்ணும் கிழமையும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகின்றன. பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் கார்ல் சொல்கிற மாதிரி கூடு கட்டுவதில்லை, மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, மூலையில் செல்போன் நோண்டும் அப்பா. பேசு, பாடு, வாசி, எழுது, விளையாடு என்று அங்குள்ள நூலகச் சங்கம் 2011-ல் சொன்ன ஐந்தும் பெற்றோருக்கான ஹோம்வொர்க் சார்! புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி மறுபடி வாசிக்காவிட்டால் ஓட்டைதான் மிச்சம்.