ஹாயக்கும் மைனஸ் விலையும்

ஹாயக் 1945ல் எழுதிய 'சமூகத்தில் அறிவின் பயன்பாடு' கட்டுரையில் வெள்ளீய உதாரணம் பிரபலம். வெள்ளீயம் ஏன் தட்டுப்பாடாச்சுன்னு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறினால் போதும், எல்லோரும் சிக்கனமாகிவிடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக்கிடக்கும் அறிவை விலை சேர்த்துத் தருகிறது என்பது வாதம். அழகுதான். ஆனா நாமக்கல் பக்கம் இருந்து படித்தால் ஒரு இடத்தில் இடிக்கிறது.

வியாபாரி வைத்ததுதான் முட்டை விலை என்றிருந்ததை மாற்ற, பண்ணையாளர்கள் 1982ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். பேப்பரில் வருவது அது அறிவிக்கும் விலை. பண்ணையில் கைக்கு வருவதோ பல நாள் அதிலிருந்து சில காசுகள் 'மைனஸ்' போக. சரக்கு எங்கே தேங்குது, எங்கே விற்பனை படுத்திருக்கு என்ற சேதியெல்லாம் அந்த மைனஸுக்குள்தான். அது போனில் பேசி முடிவாகிறது. பத்துப் பண்ணையில் எடுக்கும் வியாபாரிக்குப் பத்து மைனஸும் தெரியும், பண்ணைக்காரருக்குத் தன்னுடையது மட்டும். பேரம் படியும்வரை கோழி முட்டையிடாமல் காத்திருக்காது.

இடம், நேரம் அறிந்த இடைத்தரகரை ஹாயக் அதே கட்டுரையில் பாராட்டுகிறார். தெரிந்ததை விலைக்குள் வரவிடாமல் வைத்திருப்பதிலேயே அவருக்கு லாபம் இருந்தால்? போட்டி பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பக்கத்துப் பண்ணை மைனஸே தெரியாதவர் எதை வைத்துப் போட்டி போடுவார்? விஞ்ஞானி முடிவை வெளியிட்டால் இன்னொருவர் செய்து பார்த்துச் சரிபார்க்கலாம். மைனஸைச் சரிபார்க்க, பக்கத்துப் பண்ணைக்காரர் வாய் திறக்கணும்.