வேட்டி கட்டிய சிலந்தி மனிதன்: மறுபடைப்பா, மாற்றுடையா?

படக்கதையை இலக்கியத் திறனாய்வுக்குரிய வடிவமாக ஏற்பதில் நம் கல்வியாளரிடையே தயக்கம் உண்டு. எனினும் 'ஸ்பைடர் மேன்: இந்தியா' என்னும் நான்கு இதழ்க் குறுந்தொடர் தமிழாசிரியர்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா ஒன்றை எழுப்புகின்றது. சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் ஆகியோர் 2004-இல் உருவாக்கிய இத்தொடரின் நாயகன் 2023-இல் வெளிவந்த 'அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்' திரைப்படத்திலும் இடம்பெற்றான்.

இது மொழிபெயர்ப்பன்று, மறுபடைப்பு என்பது படைப்பாளர் கூற்று. வழிநூலை நான்காக வகுத்து மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியரை அறிந்த நமக்கு இக்கூற்றைச் சோதிப்பது கடினமன்று.

பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆகின்றான். மேரி ஜேன் மீரா ஜெயின். நார்மன் ஆஸ்போர்ன் நளின் ஒபராய். ஒலி ஒப்புமை சுவையானதே. ஆயினும் பெயர் தோறும் மூலத்தின் நிழல் தொடர்வதால் வாசகன் கதையை மறந்து புதிரை அவிழ்க்கத் தொடங்கிவிடுகின்றான். ஜீவன் காங்கின் கோடுகள்தாம் தொடரைக் காப்பாற்றுகின்றன. வேட்டி காற்றில் விரியும் அசைவு கண்ணுக்கு இனியது.

அடிப்படையான மாற்றம் வேறிடத்தில் உள்ளது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் படைத்த கதையில் ஆற்றல் விபத்தாக வருகின்றது. கதிரியக்கச் சிலந்தி யாரை வேண்டுமானாலும் கடித்திருக்கலாம். எளியவனும் நாயகனாகலாம் என்னும் சமன்மை அதில் உண்டு. இந்தியத் தொடரிலோ யோகி ஒருவர் ஆற்றலை அருளுகின்றார். விபத்து விதியாகின்றது, எளியவன் தேர்ந்தெடுக்கப்பட்டவனாகின்றான். இந்தியம் என்றாலே மாயமும் தாயத்தும் எனக் கொள்வது வெளியார் பார்வைக்கு இசைந்த இந்தியமே அன்றோ?

இத்தனைக்கும் வளமான கரு கைக்கருகிலேயே இருந்தது. பவித்ர் உதவித்தொகை பெற்று மும்பைக்கு வரும் கிராமத்துச் சிறுவன். உடையாலும் பழக்கத்தாலும் ஏளனம் செய்யப்படுபவன். தோட்டத் துண்டாடலுக்குப் பின் லயன் வீட்டை விட்டு ஈப்போவின் புறநகர்களுக்குப் பெயர்ந்த பேராக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வேளனம் புதிதன்று. பால்மரம் வெட்டிய பெற்றோரின் பேச்சுவழக்கே பட்டணத்து வகுப்பறையில் நகைப்புக்குரியதாக ஆவதுண்டு. இவ்வலியைத் தொடர் சில பக்கங்களில் தொட்டுவிட்டு, அரக்கர் போருக்கு விரைந்துவிடுகின்றது. இதுவே இதன் பெருங்குறை என்பேன்.

கோப்பெங் அருகே பிறந்த லாட், 1979-இல் 'கம்போங் பாய்' நூலிலும் 1981-இல் 'டவுன் பாய்' நூலிலும் இதே பெயர்ச்சியை மாய ஆற்றல் ஏதுமின்றி வரைந்து காட்டினார். ஈப்போத் தெருக்களும் சிறுவர்தம் நட்பும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நாயகனே வேண்டுமெனின், தோட்ட எல்லையில் அரிவாளேந்தி நிற்கும் முனியாண்டி இருக்கின்றார். எவர் சாயலும் அவருக்குத் தேவையில்லை.

மறுபுறம், 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் பிரிட்டானியத் தொடர் ஒன்றின் ஓவியத்தை மாற்றாமலே 'இரும்புக்கை மாயாவி' எனத் தமிழில் தந்தது. எவருக்கும் வேட்டி கட்டவில்லை. 'மாயாவி' என்ற ஒரு சொல்லே அவனைத் தமிழ்ச் சிறுவர்க்கு உரியவனாக்கிற்று.